கோவிலாறு ஆட்டத்தின் இரண்டாவது கேசட்

உ

வேல் ரிக்கார்டிங் சென்டர்,
தேரடி, ஸ்ரீவில்லிபுத்தூர்.
12.8.1991

மதிப்பிற்குரிய பீர் மைதீன் அவர்களுக்கு,

முன்பின் தெரியாதவன் எழுதுகிறேன். விசா கேட்டு எழுதவில்லை, ஆகவே பயப்படாமல் படிக்கலாம். ராஜபாளையத்தில் டி.வி. ரிப்பேர் பார்க்கும் முத்துராமலிங்கம்தான் உங்கள் சார்ஜா விலாசத்தைக் கொடுத்தார். "எழுதிப் பாருங்க, பதில் வராது" என்று ஆசீர்வாதமும் செய்தார்.

நான் பாட்டு கேசட் பதிந்து கொடுத்துப் பிழைக்கிறவன். டி.வி.யில் மாட்டி விளையாடும் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் ஒன்றை சிவகாசியில் பழசாக வாங்கினேன். அன்றோடு என் வீட்டுக்காரி என்னோடு பேசுவதைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். ஆட்டமும் பாட்டு மாதிரி கேசட்டில்தான் இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது; அந்தக் கம்ப்யூட்டரோடு வந்த கேசட் ஒன்றில்தான் உங்கள் 'கோவிலாறு' ஆட்டம் இருந்தது. வெள்ளைக்காரன் குகைக்குள் புதையல் தேடவிட்ட ஆட்டத்தை எடுத்து, குகையை அய்யனார் கோவில் மலையாக்கி, பூதத்தைக் கரடியாக்கி வைத்திருக்கிறீர்களே, அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் ஊர் ஆறு டி.வி.க்குள் ஓடியது!

அது முதல் 'கோவிலாறு' எங்கே கிடைத்தாலும் வாங்கிச் சேர்க்கிறேன். கை மாறும்போதெல்லாம் ஆளாளுக்கு அதை மாற்றியிருக்கிறார்கள். சிவகாசிக்காரர் கரடியை யானை ஆக்கிவிட்டார். சாத்தூரில் ஒருவர் அருவிக்கு அடியில் புரோட்டா கடை திறந்திருக்கிறார். எல்லாவற்றையும் அப்படியே காப்பாற்றி வைக்கிறேன். கேசட்டின் மேல்பக்கம் இருக்கும் காதை உடைத்துவிட்டால் அதன் மேல் யாரும் எதையும் பதிய முடியாது, அல்லவா? என் அலமாரியில் இருப்பதெல்லாம் காது அறுந்த கேசட்டுகள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கான்சாபுரம் மலைச்சாமி, மகள் கல்யாண வீட்டுக்குப் பாட்டு பதிய ஒரு பை நிறையப் பழைய கேசட் கொண்டுவந்தார். ஒன்றில் காது உடைந்திருந்தது. "செல்லோ டேப் ஒட்டி அதுலயே பதிஞ்சு தாங்கண்ணே" என்றார். போட்டுக் கேட்டால் கீ என்று கம்ப்யூட்டர் இரைச்சல். அவருக்குப் புதுக் கேசட் ஒன்றைக் கொடுத்துவிட்டு அதை நான் வைத்துக்கொண்டேன்.

'கோவிலாறு 2' என்று பெயர் வந்தது. முதல் ஆட்டத்தில் இருந்த தொப்பி ஆள் இதில் இல்லை. ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் ஆற்று நடுவில், பாறை மேல் நிற்கிறாள். படங்கள் அத்தனை அழகு. உங்கள் பெயருக்குக் கீழே அசீனா என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. இதுதான் இரண்டாவதா? மூலக் கேசட் உங்களிடம் இருக்கிறதா? அசீனா யார்?

முகம் தெரியாத ரசிகன்,
வேல்சாமி

---

786

சார்ஜா
2.9.1991

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். முடியவில்லை.

அசீனா என் தங்கை. துபாயிலிருந்து எங்கள் மாமா அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது எனக்காகத்தான் கொண்டுவந்தார். ஆனால் என்னைவிட அவளுக்குத்தான் அது பணிந்தது. அந்த வெளிநாட்டு ஆட்டத்தின் மேல் எங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம். அது முடியும் இடத்துக்கு அப்பால் போக வழி இல்லையே என்ற கோபத்தில்தான் எங்கள் ஆட்டத்தைச் செய்தோம். முதல் ஆட்டம் என்னுடையது. இரண்டாவதில் ஆட்டத்தை ஓட்டும் கணக்கு மட்டும் நான், படங்கள் எல்லாம் அவள். கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாகக் கறுப்படித்து, ஆறு, பருத்திக்காடு, எங்கள் தெரு, வீடு எல்லாம் வரைந்தாள். அருவியிலிருந்து ஆபத்தில்லாமல் வீடு வந்து சேர வேண்டும், அதுதான் ஆட்டம்.

88 ஐப்பசியில் உறவுக்காரப் பெண்களோடு அய்யனார் கோவில் அருவிக்குப் போனாள். மலையில் பெய்த மழை கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. காட்டாறு வந்து அவளை மட்டும் கொண்டுபோய்விட்டது. ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வரைக்கும் தேடினோம். ஒரு செருப்பு கிடைத்தது, அவள் கிடைக்கவில்லை. "எம் புள்ளைக்கு யாரும் ஜனாஸா தொழுகை வச்சிராதிய. அவ வருவா" என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசல் கதவுக்குத் தாழ் போடுவதில்லை. போன வருஷம் அத்தாவும் மவுத்தாகிவிட்டார்கள். அம்மா அந்தத் திறந்த வீட்டில் தனியாக இருக்கிறார்கள்.

இரண்டாவது ஆட்டம் ஒரே ஒரு கேசட்டில்தான் இருந்தது. அதற்குப் பிரதி எடுக்கவே இல்லை. தங்கை போன துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், என்ன கேசட் என்று தெரியாமல், அதன் மேல் எங்கள் மார்க்கத்துப் பைத்துப் பாட்டுகளைப் பதிந்துவிட்டார். முதலிலிருந்து கடைசி வரை இரண்டு பக்கமும் போட்டுக் கேட்டேன். அவள் வரைந்தது ஒரு துளிகூட மிச்சமில்லை. கேசட் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் இருப்பது இரண்டாவது ஆட்டமாக இருக்க முடியாது. ஆனாலும் ரெட்டைச் சடை என்று எழுதிவிட்டீர்கள், அசீனா போடுவதும் ரெட்டைச் சடைதான். இரண்டாவதில் கடைசியாக எங்கள் வீடு வரும். அத்தா நாற்காலியில் இருப்பார்கள், அம்மா பச்சைச் சேலையில் நிற்பார்கள். அது உங்கள் கேசட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பீர் மைதீன்

---

உ

ஸ்ரீவில்லிபுத்தூர்
20.9.1991

அன்புள்ள தம்பி பீர் மைதீனுக்கு,

தங்கையைப் பற்றிப் படித்ததும் கடையைச் சாத்திவிட்டேன். தெரியாமல் புண்ணில் கை வைத்துவிட்டேனே, மன்னிக்க வேண்டும். இனி உங்களை 'அவர்கள்' போட்டு எழுத எனக்கு வரவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்கக் கூடாது. முதல் நாள் அந்தப் பெண் பாறை மேல் நின்றாள் என்றேன் அல்லவா? மறுநாள் அதே கேசட்டைப் போட்டேன். கரையில் நின்றாள். சரி, எனக்குத்தான் நினைவு தவறிவிட்டது என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை மாந்தோப்புப் பாதையில் நின்றாள். நேற்று பருத்திக்காட்டு வரப்பில். காது உடைந்த கேசட், தம்பி! என்னுடைய மெஷினே நினைத்தாலும் அதில் ஒன்றும் எழுத முடியாது. நான் ஒரு பொத்தானைக்கூட அழுத்தவில்லை. போடும்போதெல்லாம் அவள் கொஞ்சம் வந்திருக்கிறாள்.

வீடு இன்னும் வரவில்லை. பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றி வைத்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரைப் போடுகிறேன். இதை என் வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. சொன்னால் மிச்சமிருக்கும் பேச்சும் போய்விடும்.

அன்புடன்,
வேல்சாமி

---

786

சார்ஜா
10.10.1991

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பயப்படாதீர்கள். இதற்குக் காரணம் இருக்கிறது.

அசீனா நிம்மதியாக உட்கார்ந்து ஒரு ஆட்டத்தையும் ஆடியதில்லை. அடுப்பில் பால் இருக்கும், அம்மா கூப்பிடுவார்கள். அதனால் எந்த இடத்தில் நிற்கிறாளோ அந்த இடத்திலேயே ஆட்டத்தை நிறுத்தி, அப்படியே கேசட்டில் பதிந்துவிட்டு எழுந்து போவாள். அடுத்த முறை மீதியை ஆடி, அதற்குப் பக்கத்திலேயே பதிவாள். ஒரே கேசட்டில் ஒன்றன் பின் ஒன்றாக அவள் நின்ற இடங்கள் எல்லாம் இருக்கும். நீங்கள் கேசட்டைப் பின்னால் சுற்றாமல், விட்ட இடத்திலிருந்து போட்டிருப்பீர்கள். அடுத்த பதிவு, அதற்கடுத்த பதிவு என்று வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

அவள் பதிவது தானாகவே ஓடத் தொடங்கும். நீங்கள் மறந்துபோய்க்கூட 'ரன்' என்று அடித்துவிடாதீர்கள். அடித்தால் அவள் நின்ற இடம் அழிந்து ஆட்டம் அருவிக்கே திரும்பிவிடும்.

இப்படிப் பதிகிற பழக்கம் அவளைத் தவிர யாருக்கும் இல்லை. எனக்கே பொறுமை கிடையாது. அப்படியானால் கேசட் அழிவதற்கு முன்னால் அவளே யாருக்காவது ஒரு பிரதி கொடுத்தாளா? என்னிடம் சொல்லாமலா? கடைசிப் பதிவு வரை போட்டுப் பாருங்கள்.

இன்னொரு உதவி. எங்கள் பக்கத்து வீட்டுப் பரிபூரணம் டீச்சர் எழுதியிருந்தார்கள். யாரோ ஒருவன் திறந்த கதவு வழியாக வந்து செம்புப் பானையைத் தூக்கிப் போயிருக்கிறான். அம்மா அவனைப் பார்த்திருக்கிறார்கள். "அவ இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்களாம். இன்று பானை. நாளைக்கு அம்மாவை ஏதாவது செய்துவிட்டால்? ராஜபாளையத்தில் எனக்கு நெருங்கியவர் யாரும் இல்லை. நீங்கள் ஒரு தடவை போய், கதவுக்குத் தாழ் போடச் சொல்லிப் பார்க்க முடியுமா? கேசட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க வேண்டாம்.

தம்பி,
பீர் மைதீன்

---

உ

ஸ்ரீவில்லிபுத்தூர்
5.11.1991

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் கேசட். பதிவு பதிவாகச் சுற்றிக்கொண்டே போனேன். பருத்திக்காடு, மில் சுவர், உங்கள் தெரு முனை, பள்ளிவாசல் மதில். கடைசிப் பதிவில் வீடு வந்தது. அவள் வாசல்படியில் நிற்கிறாள். கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே நாற்காலி காலியாக இருக்கிறது, தம்பி. அம்மா நிற்கிறார்கள். பச்சைச் சேலை இல்லை. டி.வி.யின் கலர் கோளாறோ என்று திருகித் திருகிப் பார்த்தேன். வெள்ளைச் சேலைதான்.

அங்கிருந்து அவள் நகரவில்லை. நான் அழுத்தாத பொத்தான் இல்லை. கடைப் பக்கம் வந்த பால்சாமி வாத்தியாரும் உட்கார்ந்து மேலும் கீழும் தட்டிப் பார்த்துவிட்டு, "இது முடிவே இல்லாத ஆட்டம் போல" என்று எழுந்து போய்விட்டார்.

கான்சாபுரம் போய் மலைச்சாமியையும் குடைந்துவிட்டேன். அவர் ராஜபாளையம் சந்தையில் பழைய டேப் ரிக்கார்டர் ஒன்று வாங்கியிருக்கிறார். அதற்குள்ளேயே அந்தக் கேசட் இருந்ததாம். விற்றவன் யார் என்று தெரியவில்லை. அதோடு வழி அடைத்துவிட்டது.

இனி உங்கள் வீடு. "பீர் அனுப்பிச்சானா? உள்ள வாங்க தம்பி" என்று அம்மா உட்கார வைத்தார்கள். நானும் எனக்குத் தெரிந்த திருட்டுக் கதை எல்லாம் சொல்லி, தாழ் போடுவதன் பெருமையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாழ் போட்டா அவ தட்டணும்ல? எம் மவளுக்குத் தட்டுற பழக்கம் கிடையாது. கதவு அடைச்சிருந்தா அப்படியே திரும்பிப் போயிருவா. நீங்க எம் இடத்துல இருந்தா என்ன செய்வீக?" என்றார்கள். நான் அதோடு எழுந்து வந்திருக்கலாம். நான் பார்த்த படத்தில் இருந்த அதே கதவு, அதே பாதித் திறப்பு, அதே காலி நாற்காலி. அம்மாவும் அதே இடத்தில் வெள்ளைச் சேலையில் நின்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நெசமா யாரு நீங்க? எதுக்கு அழுதிய?" என்று கேட்டார்கள். சொல்லிவிட்டேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கு போயிற்று. திட்டுங்கள்.

அம்மா கத்தவில்லை, மயங்கவில்லை. "அந்தப் பொட்டிய இங்க கொண்டாந்து காட்டுங்க" என்று ஒரே வார்த்தைதான். உங்கள் சம்மதம் இல்லாமல் கொண்டுபோக மாட்டேன். என்ன செய்யட்டும்?

வேல்சாமி

---

786

சார்ஜா
28.11.1991

அண்ணாச்சிக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். வெள்ளைச் சேலை என்ற வரியை மறுபடி படித்தேன், திட்ட வரவில்லை.

அசீனா போனபோது அத்தா இருந்தார்கள். அம்மா பச்சையும் ஊதாவும் கட்டிக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு இரண்டு தாழ் இருந்தது, இரண்டையும் போடுவோம். அவள் யாருக்கு எப்போது பிரதி கொடுத்திருந்தாலும் இந்தப் படத்தை வரைந்திருக்க முடியாது. அத்தா மையத்தை அடக்க வர எனக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவை வெள்ளைச் சேலையில் நானே இன்னும் பார்த்ததில்லை அண்ணாச்சி. பார்த்த யாரோ வரைந்திருக்கிறார்கள். எங்கள் வாசலில் நின்று பார்த்திருக்கிறார்கள். எங்கேயோ அவள் உயிரோடு இருந்தால் ஏன் உள்ளே வரவில்லை? யாராவது ஒருவன் விளையாடுகிறான் என்றால், அவளுடைய கை வாகு அவனுக்கு எங்கே கிடைத்தது?

யோசித்து யோசித்துத் தூக்கம் போய்விட்டது. காட்டுங்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டாவது, மகள் டி.வி.க்குள்தான் இருக்கிறாள், வாசலுக்கு வர மாட்டாள் என்று மனசு ஆறித் தாழ் போடட்டும். என்ன நடந்தாலும் ஒன்று விடாமல் எழுதுங்கள்.

பீர்

---

உ

ஸ்ரீவில்லிபுத்தூர்
22.12.1991

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

கேசட்டுக்கு இரண்டு பிரதி எடுத்து, இரண்டுக்கும் காதை உடைத்து அலமாரியில் பூட்டிவிட்டு, மூலத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் கம்ப்யூட்டரை மடியில் வைத்திருந்ததைப் பார்த்து கண்டக்டர், "என்னண்ணே, ஆர்மோனியமா?" என்றார். ஆமாம் என்றேன். சாயங்காலம் பரிபூரணம் டீச்சர் வீட்டு டி.வி.யை உங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தோம். அம்மா மஃரிப் தொழுதுவிட்டு வந்து, டி.வி.க்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தார்கள்.

முதல் பதிவிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். பாறையில் அவள் நின்றபோது அம்மா பாயோடு நகர்ந்து டி.வி. பக்கம் வந்தார்கள். மாந்தோப்பில், "இந்தப் பக்கமாவா வந்தா?" என்றார்கள். பருத்திக்காட்டில், "செருப்பு இல்லாம முள்ளு குத்துமே" என்றார்கள். நான் உற்றுப் பார்த்தேன். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. இத்தனை நாள் பார்த்தவன், நான் அதைக் கவனிக்கவே இல்லை, தம்பி.

வாசல் வந்தது. வழக்கம்போல நின்றுவிட்டாள். நான் பொத்தானில் கை வைத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்கள்.

"சும்மா இருங்க தம்பி. எம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்கு புள்ள! செத்த நேரம் மூச்சு வாங்கட்டும். நீங்க போட்டு விரட்டுதீக."

விளையாடுகிறவன் கையைச் சும்மா வைத்திருப்பானா? நானும் வாத்தியாரும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்தோமே தவிர, ஒருவரும் பேசாமல் உட்கார்ந்து பார்க்கவில்லை. அன்றைக்கு உட்கார்ந்தோம். டீச்சர் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆறியது. ஒருவரும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

அவள் தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள். உள்ளே போனாள். படத்தில் இருந்த கதவு மூடிக்கொண்டது. ஆட்டம் அதோடு நின்றுவிட்டது.

டீச்சர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்கள். அம்மா அழவில்லை. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தி, மேல் தாழ், கீழ்த் தாழ் இரண்டையும் போட்டார்கள். மூன்று வருஷத் துருவில் அது கத்தியது. "அம்மா, நாங்க உள்ள இருக்கோம்" என்றேன். அப்போதுதான் நினைவு வந்து, திறந்து எங்களை வெளியே விட்டார்கள். நான் படி இறங்குவதற்குள் தாழ் விழுந்த சத்தம் கேட்டது.

நீங்கள் கேட்ட காரியம் நடந்துவிட்டது. அம்மா பத்திரமாக இருக்கிறார்கள். நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் கேசட்டைப் பின்னால் சுற்றிப் போட்டேன். ஆறு ஓடுகிறது. பாறை இருக்கிறது. பாறை மேல் யாரும் இல்லை. மாந்தோப்பு, பருத்திக்காடு, மதில், எங்கேயும் இல்லை. கடைசிப் பதிவில் வீட்டுக் கதவு மூடியிருக்கிறது. அலமாரியைத் திறந்து பிரதி இரண்டையும் போட்டேன். பூட்டு பூட்டியபடி இருந்தது, சாவி என் அரைஞாணில் இருந்தது. அவற்றிலும் இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை தம்பி. காப்பாற்றி வைக்கத்தான் இத்தனை பாடும் பட்டேன். உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது, என் கையில் இருக்கும்போதே போய்விட்டது. கேசட்டின் அட்டையில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே வைத்திருக்கிறேன். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வேல்சாமி

---

786

சார்ஜா
20.1.1992

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நீங்கள் எதையும் தொலைக்கவில்லை. அப்படி எழுத வேண்டாம். அட்டை வெறுமனே இருக்கட்டும். முதல் ஆட்டத்தையும் யானையையும் புரோட்டாக் கடையையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் வரும்போது உங்கள் கடைக்கு வந்து ஆடுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அதே வாரம் அம்மாவிடமிருந்தும் கடிதம் வந்தது. அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது எப்போதும் பரிபூரணம் டீச்சர்தான். டீச்சரின் உருண்டையான எழுத்து எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் எழுத்து வேறு. கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு எழுத்தும் கட்டத்துக்குள் அடங்கி இருக்கிறது.

சுகமாக இருக்கிறார்களாம். கதவுக்குத் தாழ் போட்டே வைத்திருக்கிறார்களாம். நான் கவலைப்பட வேண்டாமாம். லீவில் வரும்போது கண்ணாடி வளையல் இரண்டு டஜனும், செருப்பு ஒரு ஜோடியும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தா மவுத்தான பிறகு அம்மா வளையல் போடுவதில்லை. செருப்பு அளவு எழுதவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை.

நேற்று ரோலா கடைத்தெருவுக்குப் போய் இரண்டையும் வாங்கிவிட்டேன். மாசிக் கடைசியில் வருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் அந்தப் பக்கம் ஏதாவது வேலையாகப் போக நேர்ந்தால், எங்கள் தெரு வழியாக ஒரு தடவை நடந்து, வீட்டில் எத்தனை விளக்கு எரிகிறது என்று பார்த்து எழுத முடியுமா?

வேண்டாம் அண்ணாச்சி. மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். போக வேண்டாம். போனாலும் கதவைத் தட்ட வேண்டாம்.

உங்கள் தம்பி,
பீர் மைதீன்